மணி அடித்தால் போதுமா? அலுவலகத் தொடர்பு அமைப்பைச் சோதிக்கும் முறை

2025 செப்டம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனம் தன் நெட்வொர்க்கில் ஒரு ஃபயர்வாலை, அதாவது எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல் கருவியை, புதுப்பித்தது. வேலை முடிந்ததும் பார்த்தார்கள். அழைப்புகள் போய்க்கொண்டிருந்தன, எச்சரிக்கை எதுவும் எழவில்லை. சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் அந்நாட்டின் அவசர எண்ணான 000-க்குச் செய்யப்பட்ட நூற்றுக்கணக்கான அழைப்புகள் போய்ச் சேரவில்லை. சுமார் 13 மணி நேரம் இப்படியே ஓடியது. சில வாடிக்கையாளர்கள் சேவை மையத்தைக் கூப்பிட்டுச் சொல்லியும், அந்தத் தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. உதவி கேட்டு அழைத்தும் லைன் கிடைக்காத வீடுகளில் மரணங்கள் நேர்ந்தன.

செய்தியைப் படித்த பலருக்கும் ஒரே குழப்பம்தான். மற்ற அழைப்பெல்லாம் போகும்போது அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் எப்படிப் போகாமல் இருக்கும்? அத்தனை பொறியாளர்கள் இருக்கும் நிறுவனத்தில் அதை ஏன் யாரும் கவனிக்கவில்லை?

இந்தக் கேள்விக்கான விடை, 50 பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தின் தொலைபேசிக்கும் அப்படியே பொருந்தும். ஒரு தொடர்பு அமைப்புக்குள் பல பாதைகள் இருக்கின்றன. தினமும் நடக்கும் பாதையில் முள் விழுந்தால் உடனே காலில் குத்தும், தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் போகும் பாதையில் மரமே விழுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் போய்ப் பார்ப்பதைத்தான் சோதனை என்கிறோம்.

முதலில் அடிப்படை: ஓர் அழைப்புக்குள் என்ன நடக்கிறது

முன்பெல்லாம் அலுவலகத்தின் ஒரு மூலையில் இபிஏபிஎக்ஸ் என்ற தொலைபேசி இணைப்புப் பெட்டி இருக்கும். அதிலிருந்து மேசைக்கு மேசை வயர் போகும். இன்று அந்த இடத்தில் இருப்பது ஒருங்கிணைந்த தொடர்பு அமைப்பு. மேசைத் தொலைபேசி, லேப்டாப்பில் ஓடும் செயலி, கைபேசி, வீடியோ கூட்டம், அரட்டை, குரல் அஞ்சல், 'தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்' என்று சொல்லும் ஐவிஆர் எல்லாமே ஒரே மென்பொருளின் கீழ், ஒரே இணைய இணைப்பின் மேல் ஓடுகின்றன. வசதி அதிகம். ஆனால் ஒன்று விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழுகின்றன.

இதில் ஓர் அழைப்பு என்பது உண்மையில் இரண்டு தனித்தனிப் போக்குவரத்து.

1. சமிக்ஞை: 'இன்னாரைக் கூப்பிடு', 'மணி அடிக்கிறது', 'எடுத்துவிட்டார்', 'வைத்துவிட்டார்' என்ற செய்திகள். இவை பெரும்பாலும் எஸ்ஐபி என்ற விதிமுறைப்படி போகின்றன. இன்று புழக்கத்தில் உள்ள எஸ்ஐபி 2002-ல் வெளியானது.

2. குரல்: பேச்சைத் துண்டு துண்டாக்கி அனுப்பும் பொட்டலங்கள். இவை ஆர்டிபி என்ற விதிமுறைப்படி போகின்றன. குரலை எண்களாக்கும் வழக்கமான ஜி.711 முறையில் 20 மில்லி விநாடிப் பேச்சு ஒரு பொட்டலம். ஒரு திசையில் விநாடிக்கு 50 பொட்டலங்கள்.

இந்த இரண்டும் வேறு வேறு வழியில் போகலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அலுவலகத் தொலைபேசிக் கோளாறுகளில் பாதி புரிந்துவிடும். மணி அடிக்கிறது, எடுத்தால் சத்தம் இல்லை என்றால் சமிக்ஞை வந்துவிட்டது, குரல் வழியில் நின்றுவிட்டது. நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை என்றால் குரலின் ஒரு திசை மட்டும் அடைபட்டிருக்கிறது. அநேகமாக ஃபயர்வாலோ ரவுட்டரோ பொட்டலத்தின் முகவரியை மாற்றி எழுதிய இடத்தில்தான் அந்த அடைப்பு இருக்கும்.

சோதனை ஒன்று, ஏற்புச் சரிபார்ப்பு இன்னொன்று

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். பிரித்துக்கொள்வது நல்லது. 'அமைப்பு, சொல்லப்பட்டபடி வேலை செய்கிறதா' என்று பார்ப்பது சோதனை. 'இந்த அலுவலகத்தின் வேலைக்கு அது போதுமா' என்று பார்ப்பது ஏற்புச் சரிபார்ப்பு. விற்றவர் முதலாவதைச் செய்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டாவதை வாங்கியவர்தான் செய்ய வேண்டும். தன் அலுவலகத்தில் எந்த அழைப்பு தவறினால் யாருக்கு நஷ்டம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. எது வெற்றி, எது தோல்வி என்பதைச் சோதனைக்கு முன்பே எண்ணாக எழுதிவிட வேண்டும். 'பிரதான இணைப்பு அறுந்தால் 10 விநாடிக்குள் அடுத்த அழைப்பு இணைய வேண்டும்' என்று எழுதினால் அது அளவுகோல். 'மாற்று இணைப்புக்கு நன்றாக மாற வேண்டும்' என்று எழுதினால், அன்று என்ன நடந்தாலும் 'நன்றாகத்தான் மாறியது' என்று முடித்துவிடுவார்கள்.

99.9 சதவீதத்தின் கணக்கு

ஒப்பந்தத்தில் '99.9 சதவீத நேரம் சேவை இருக்கும்' என்று போட்டிருப்பார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. வருடத்துக்கு 8,760 மணி நேரம், அதில் 0.1 சதவீதம் என்றால் 8 மணி 45 நிமிடம். ஒரு முழு வேலை நாள். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். 99.999 என்றால் 5 நிமிடத்துக்குச் சற்று மேல்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது தொடர் கணக்கு. ஓர் அழைப்பு போக, அலுவலக ஸ்விட்ச் (தொலைபேசிகளையும் கணினிகளையும் நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி), ஃபயர்வால், இணைய இணைப்பு, கிளவுட் சேவை, வெளி டிரங்க் (வெளித் தொலைபேசி நெட்வொர்க்கோடு இணைக்கும் லைன்களின் தொகுப்பு) என்ற ஐந்தும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 99.9 என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தையும் பெருக்கினால் கிடைப்பது 99.5 சதவீதம். வருடத்துக்கு ஏறக்குறைய 44 மணி நேரம் தொலைபேசி இல்லை என்று பொருள். யாரும் ஒப்பந்தத்தை மீறவில்லை. ஆனால் ஐந்து வேலை நாள் போய்விட்டது.

ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் கணக்கு நம் பக்கம் திரும்பும். தலா 99 சதவீதம் உள்ள இரண்டு இணைப்புகள் சேர்ந்தால் 99.99. ஆனால் ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனை எங்கே உடைகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

10 விநாடி அழைப்பு காட்டாத கோளாறுகள்

புதிய அமைப்பு வந்த அன்று எல்லா இடத்திலும் நடப்பது இதுதான். ஒருவர் தன் கைபேசிக்கு அழைப்பார். 'ஹலோ, கேட்குதா?' 'கேட்குது.' 'சரி, வச்சுடறேன்.' சோதனை முடிந்தது. இந்தச் சோதனையில் சிக்காதவற்றைப் பாருங்கள்.

1. 32 விநாடிக் கோளாறு: எதிர்முனையில் எடுத்தவுடன் அங்கிருந்து 'எடுத்துவிட்டார்' என்ற செய்தி வரும். நம் பக்கம் 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் ஃபயர்வாலில் சிக்கிக்கொண்டால், எதிர்முனை திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும். எஸ்ஐபி விதிப்படி அடிப்படைக் காத்திருப்பு அரை விநாடி, அதன் 64 மடங்கு வரை பொறுக்கலாம். அதாவது 32 விநாடி. பிறகு அழைப்பைத் துண்டித்துவிடும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், அந்த 32 விநாடியும் குரல் தெளிவாகக் கேட்கும். குரலின் பாதை வேறு அல்லவா. 'எந்த அழைப்பும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

2. 15 நிமிடக் கோளாறு: பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது சமிக்ஞைப் பாதையில் எதுவும் போவதில்லை. 'இந்த இணைப்பு முடிந்துவிட்டது போல' என்று ஃபயர்வால் அந்தக் கதவை மூடிவிடும். எஸ்ஐபி-யில் 'இன்னும் இருக்கிறாயா' என்று இடையிடையே கேட்கும் ஏற்பாடு உண்டு. பரிந்துரைக்கப்பட்ட அளவு 1,800 விநாடி. அதன் பாதியில், அதாவது 15-ஆவது நிமிடத்தில், அந்தக் கேள்வி போகும். கதவு மூடியிருந்தால் பதில் வராது, அழைப்பு அறுந்துவிடும். நீண்ட நேரம் பேசும் விற்பனைக்காரர்களும் மருத்துவ ஆலோசகர்களும்தான் இதில் மாட்டுவார்கள். 35 நிமிட அழைப்பு ஒன்றை இரு திசையிலும் செய்து பார்க்காமல் எந்த அமைப்புக்கும் கையெழுத்துப் போடக் கூடாது.

3. பொத்தான் ஒலி: ஐவிஆரில் எண்ணை அழுத்தும்போது எழும் ஒலியைக் குரலோடு சேர்த்து அனுப்பினால், சுருக்கி அனுப்பும் முறைகளில் அது சிதைந்துவிடும். அதனால் தனிப் பொட்டலமாக அனுப்புவார்கள். இரு பக்கமும் இதில் ஒத்துப்போகவில்லை என்றால் வங்கியின் ஐவிஆர் 'தவறான எண்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 16 இலக்க எண் ஒன்றை வேகமாக அழுத்திப் பாருங்கள்.

4. ஹோல்டும் மாற்றிவிடுதலும்: 10 நிமிடம் ஹோல்டில் வைத்து எடுத்தால் குரல் திரும்புகிறதா? கைபேசியில் இருந்து வந்த அழைப்பை வீட்டில் இருந்து வேலை செய்பவருக்கு மாற்றிவிட்டால், அவர் திரும்ப இன்னொருவருக்கு மாற்றினால்? வரவேற்பு மேசையில் நாள் முழுக்க நடக்கும் வேலை இது. வரவேற்பில் உட்காரும் ஊழியரைச் சோதனையில் சேர்த்துக்கொண்டால் பொறியாளர் யோசிக்காத பத்து வழிகளை அவர் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார்.

குரலின் தரத்தை எண்ணாக்குவது

'சத்தம் சரியில்லை' என்ற புகாரை மூன்று அளவுகளாகப் பிரிக்கலாம். தாமதம் என்பது நான் பேசியது அவர் காதுக்குப் போக ஆகும் நேரம். ஏற்ற இறக்கம் என்பது அந்தத் தாமதம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுபடும் அளவு. நெட்வொர்க் ஆட்கள் இதை ஜிட்டர் என்பார்கள். இழப்பு என்பது வந்தே சேராத பொட்டலங்கள்.

ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குக் குறையில்லை, 400-ஐத் தாண்டவே கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கி.மீ. போக சுமார் 5 மில்லி விநாடி ஆகும். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்க்கோட்டிலேயே 13,000 கி.மீ.க்கு மேல். ஆக 65 மில்லி விநாடி வழிச்செலவாகவே போய்விடுகிறது. எந்தப் பொறியாளராலும் அதைக் குறைக்க முடியாது. மீதியில்தான் பொட்டலம் கட்டுவது, பிரிப்பது, ஜிட்டரைச் சமன் செய்யக் காத்திருப்பது எல்லாம் நடக்க வேண்டும். இந்த நிலையில், அடுத்தடுத்த மேசையில் இருக்கும் இருவர் பேசும் குரல் வெளிநாட்டு சர்வர் வரை போய்த் திரும்பும்படி அமைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவசியம். இப்படி அமைத்திருப்பது அபூர்வமும் இல்லை.

இழப்பைப் பொறுத்தவரை சராசரியை நம்பாதீர்கள். ஒரு மணி நேர அழைப்பில் 5 விநாடி முழுக்கக் காணாமல் போனாலும் சராசரி இழப்பு 0.14 சதவீதம்தான். அறிக்கையில் பச்சையாகவே இருக்கும். ஆனால் அந்த 5 விநாடியில் வாடிக்கையாளர் சொன்னது அவருடைய கணக்கு எண்ணாக இருக்கலாம். 10 விநாடிக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்தால்தான் இந்தப் பள்ளங்கள் தெரியும்.

எல்லாவற்றையும் சேர்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறையும் உண்டு. மாஸ் மதிப்பெண் என்பார்கள். முதலில் ஆட்களை உட்கார வைத்துக் கேட்க வைத்துப் போட்டார்கள். இப்போது கணினியே கணக்கிடுகிறது. பழைய ஜி.711 முறையில் எல்லாம் சரியாக இருந்தால் 4.4 வரை வரும். 3.6-க்குக் கீழே போனால் புகார் வரத் தொடங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

நெரிசல்: எர்லாங் சொன்னது

காலியான அலுவலகத்தில் எல்லாத் தொலைபேசியும் நன்றாகத்தான் வேலை செய்யும். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு என்ன ஆகும் என்பதுதான் விஷயம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணித அறிஞர் ஏ.கே. எர்லாங், 1917-ல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். நூறாண்டு கடந்தும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

கணக்கு எளிது. நெரிசலான ஒரு மணி நேரத்தில் 120 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். மொத்தம் 360 நிமிடப் பேச்சு, அதாவது 6 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குள் 6 மணி நேரப் பேச்சு என்பதால் சுமை 6 எர்லாங். அப்படியானால் 6 லைன் போதுமா? போதாது. அழைப்புகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருவதில்லை. கும்பலாக வரும், பிறகு ஓயும். 6 லைன் வைத்தால் நான்கில் ஒரு அழைப்புக்கு மேல் 'பிஸி' ஆகிவிடும். 10 லைன் வைத்தால் நூற்றுக்கு நான்கு தவறும். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத் தவற வேண்டும் என்றால் 13 லைன் வேண்டும்.

எஸ்ஐபிபி போன்ற இலவச மென்பொருளை வைத்து இந்தச் சுமையைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கலாம். அப்போது இரண்டு எல்லைகளைத் தனித்தனியாகத் தொட வேண்டும்: ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு நிற்கும் என்பது ஒன்று, ஒரு விநாடிக்கு எத்தனை புது அழைப்பு தொடங்கலாம் என்பது மற்றொன்று. டிரங்க் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் வரம்பு வைத்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் முதலாவது பெரிய எழுத்தில் இருக்கும்.

இன்னொரு நெரிசலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: விழுந்த அமைப்பு எழும்போது வரும் நெரிசல். 2024 பிப்ரவரி 22-ல் அமெரிக்காவின் ஏடி&டி நெட்வொர்க்கில், அதிகாலை 2.42-க்குத் தவறான அமைவுகளுடன் ஒரு கருவியை இணைத்தார்கள். மூன்றே நிமிடத்தில் நெட்வொர்க் தன்னைக் காத்துக்கொள்ள எல்லாக் கருவிகளையும் துண்டித்தது. அந்தத் தவறை நீக்கிய பிறகும் முழுச் சேவை திரும்ப 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது. கோடிக்கணக்கான கைபேசிகள் ஒரே நேரத்தில் மறுபடி பதிவு செய்ய முண்டியடித்ததுதான் காரணம். 9 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான அழைப்புகள் தடைபட்டன. அவற்றில் 25,000-க்கும் மேல் அவசர உதவிக்கானவை. நிறுவனத்தின் சொந்த விதிப்படி செய்ய வேண்டிய சக ஊழியர் சரிபார்ப்பு நடக்கவில்லை, நிறுவிய பிறகு போதுமான சோதனையும் இல்லை என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் எழுதியது.

அலுவலக அளவில் இதைச் செய்து பார்ப்பது மிக எளிது. ஒரு மாலையில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து ஒன்றாகப் போடுங்கள். 300 தொலைபேசிகள் ஒரே நிமிடத்தில் விழித்து, எல்லாம் ஒன்றாக சர்வரின் கதவைத் தட்டும். கடைசித் தொலைபேசிக்கு எத்தனை நிமிடத்தில் டயல் ஒலி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது

நம்பகத்தன்மைச் சோதனையின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதிகம் தள்ளிப்போடப்படுவதும் இதுதான். 'ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்' என்பார்கள். நாம் தேதி குறித்து, ஆட்களைத் தயாராக வைத்து உடைக்காவிட்டால், அது தானாக ஒருநாள் உடையும். அன்று தயாராக யாரும் இருக்க மாட்டார்கள்.

1. முழுதாக விழுவது. பிரதான சர்வரின் கேபிளை உருவுங்கள். மாற்று சர்வர் எடுத்துக்கொள்ளும் என்று வரைபடத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரத்தில்? மேலே சொன்ன அதே 32 விநாடி இங்கேயும் வருகிறது. செத்துப்போன சர்வரிடம் அழைப்பைக் கொடுத்த தொலைபேசி, பதிலுக்காக 32 விநாடி வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த சர்வரிடம் போகும். கூப்பிட்டவர் அவ்வளவு நேரம் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாரா? வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏட்டில் மாற்று ஏற்பாடு வெற்றி, நடைமுறையில் அழைப்பு போச்சு. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று சில விநாடிக்கு ஒருமுறை விசாரித்துக்கொண்டே இருக்கும்படியும், காத்திருப்பைக் குறைத்தும் அமைத்தால் இது சரியாகும். உருவிப் பார்க்காமல் இது கண்ணில் படாது.

இதே சோதனையை அதிகாலை இரண்டு மணிக்கு மட்டும் செய்வதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு சர்வர்களும் பகலில் தலா 60 சதவீதச் சுமையில் ஓடுகின்றன என்றால், ஒன்று விழும்போது மற்றதன் தலையில் ஏறுவது 120 சதவீதம். ஆளில்லாத நேரத்தில் வென்ற சோதனை பட்டப்பகலில் தோற்கும்.

2. பாதி உயிர். முழுதாகச் செத்தால் மாற்று ஏற்பாடு விழித்துக்கொள்ளும். இணைப்பு உயிரோடு இருந்து, பத்துக்கு ஒரு பொட்டலத்தைத் தொலைத்துக்கொண்டிருந்தால்? விளக்கு பச்சையாக எரியும், விசாரணைக்குப் பதிலும் வரும். மாற்று இணைப்பு தூங்கிக்கொண்டிருக்கும். பேசுபவர்களுக்கு மட்டும் நரகம். லினக்ஸில் உள்ள நெட்எம் வசதியால் 5 சதவீத இழப்பையோ 200 மில்லி விநாடித் தாமதத்தையோ செயற்கையாகப் போட்டுப் பார்க்கலாம். எந்த அளவில் அமைப்பு தானாக மாறுகிறது, மாறவே இல்லையா, யாருக்காவது எச்சரிக்கை போகிறதா என்ற மூன்றையும் எழுதிவையுங்கள்.

3. பொது வேர். இரண்டு வேறு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கியிருப்போம். இரண்டு ஃபைபரும் ஒரே தெருவில், ஒரே பள்ளத்தில் வந்தால், ஒரு ஜேசிபி போதும். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே யுபிஎஸ், இரண்டு சர்வருக்கும் ஒரே டிஎன்எஸ் (பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை), இரண்டுக்கும் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஒரே நுழைவுச் சேவை என்றாலும் அதே கதைதான். ஒரே மாதிரியான அமைவும் பொது வேராகிவிடும். 2023 நவம்பர் 8-ல் இதே ஆப்டஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் நாடு முழுக்க விழுந்தபோது, வெளியில் இருந்து வந்த வழித்தட மாற்றங்களின் வெள்ளத்தைத் தாங்காமல் சுமார் 90 ரவுட்டர்கள் தம்மைத்தாமே துண்டித்துக்கொண்டன. எல்லாவற்றிலும் ஒரே பாதுகாப்பு வரம்பு. ஒன்றுக்குப் பல இருந்தும் பயனில்லை. முழு நெட்வொர்க்கும் விழும் நிலைக்குத் திட்டம் வைத்திருக்கவில்லை என்று நிறுவனத்தின் நெட்வொர்க் தலைவரே செனட் குழுவிடம் சொன்னார்.

4. மின்சாரம். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே 48 வோல்ட் வரும். வீட்டில் கரண்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்தது அதனால்தான். இப்போதைய ஐபி தொலைபேசிக்கு மின்சாரம் அலுவலக ஸ்விட்சில் இருந்து வருகிறது. ஸ்விட்ச், ஃபயர்வால், ஃபைபர் பெட்டி மூன்றும் யுபிஎஸ்ஸில் இருந்தால்தான் ஒரு தொலைபேசி உயிரோடு இருக்கும். சர்வர் அறைக்கு மட்டும் யுபிஎஸ் போட்டு, மாடியில் உள்ள ஸ்விட்சைச் சுவர் பிளக்கில் சொருகி வைத்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, கையில் கடிகாரத்தோடு நில்லுங்கள். யுபிஎஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் நிமிடக் கணக்கு புது பேட்டரிக்கானது.

5. திரும்பி வருவது. மாற்றுக்குப் போனதோடு சோதனை முடியவில்லை. பழைய இணைப்பு திரும்பியதும் அழைப்புகள் தானாகத் திரும்புகின்றனவா, திரும்பும்போது நடுவில் பேசுகிறவர்களின் லைன் அறுகிறதா? இணைப்பு போய்ப் போய் வந்தால் அமைப்பும் ஊஞ்சல் ஆடுகிறதா? பிரதான இணைப்பு சில நிமிடமாவது நிலையாக நின்ற பிறகே திரும்பும்படி வைப்பது நல்லது.

அவசர எண்

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரில், ஒரு ஹோட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். உடன் இருந்த அவருடைய 9 வயது மகள், சொல்லிக்கொடுத்தபடியே 911-ஐ அழுத்தினாள். போகவில்லை. மறுபடி அழுத்தினாள். நான்கு முறை முயன்றாள். அந்த ஹோட்டலின் தொலைபேசி அமைப்பில் வெளி லைன் பிடிக்க முதலில் 9-ஐ அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? தாய் இறந்துபோனார்.

கேரியின் தந்தை விடாமல் போராடியதில் 2018-ல் கேரி சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அமெரிக்காவில் நிறுவப்படும் எந்தப் பல லைன் தொலைபேசியிலும் முன்னொட்டு இல்லாமல் நேராக 911 போக வேண்டும். வரவேற்பு மேசை போன்ற ஓர் இடத்துக்கும் உடனே தகவல் வர வேண்டும். அந்த ஹோட்டலின் தொலைபேசியில் தொழில்நுட்ப ரீதியாக எந்தக் கோளாறும் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அமைத்தபடியேதான் வேலை செய்தது. சோதனையில் தேறி, ஏற்புச் சரிபார்ப்பில் தோற்ற அமைப்பு அது.

நம் அலுவலகங்களிலும் வெளி லைனுக்கு 0 அல்லது 9 போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 112, 100, 101, 108 ஆகியவற்றை முன்னொட்டோடும் முன்னொட்டு இல்லாமலும், ஒவ்வொரு மாடியில் இருந்தும், ஒவ்வொரு கிளையில் இருந்தும் போட்டுப் பார்க்க வேண்டும். மதுரைக் கிளையின் அழைப்பு சென்னை டிரங்க் வழியாக வெளியேறினால், எதிர்முனையில் தெரிவது சென்னை எண்தான். ஆம்புலன்ஸ் எங்கே போகும்? இந்தச் சோதனைக்குக் கட்டுப்பாட்டு அறையிடம் முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்கிக்கொள்வது மரியாதை. உண்மையில் உதவி தேவைப்படும் ஒருவரின் லைனை நாம் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. மாற்று இணைப்பில் ஓடும்போதும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வழக்கமான அழைப்புக்கு மாற்று வழி வைத்துவிட்டு, அவசர எண்ணுக்கு வைக்க மறந்த அமைப்புகள் உண்டு.

எப்போது மறுபடி சோதிப்பது

ஃபயர்வால், ரவுட்டர், மென்பொருள், டிரங்க் நிறுவனம் இவற்றில் எது மாறினாலும் அன்றே அடிப்படைப் பட்டியலை ஓட்ட வேண்டும்: உள்ளே வரும் அழைப்பு, வெளியே போகும் அழைப்பு, 35 நிமிட அழைப்பு, ஐவிஆர், மாற்றிவிடுதல், அவசர எண். உடைத்துப் பார்க்கும் சோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். எதுவுமே மாறாவிட்டாலும் தேதி மாறுகிறது. 2020 பிப்ரவரி 3-ல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் உலகம் முழுக்க நின்றதற்குக் காரணம், ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் காலாவதிக்கு முன் புதுப்பிக்காததுதான். அமைப்பில் உள்ள எல்லாச் சான்றிதழ்களின் கடைசித் தேதியையும் ஒரு தாளில் எழுதி, 30 நாள் முன்பே இருவருக்கு நினைவூட்டல் போகும்படி வைக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் அது வரும்.

அப்புறம், ஆட்கள். 2022 ஜூலை 8-ல் கனடாவின் ராஜர்ஸ் நெட்வொர்க் விழுந்தபோது 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லாமல் திண்டாடினார்கள். அவர்கள் கையில் இருந்த கைபேசியும் ராஜர்ஸ், நெட்வொர்க்கைச் சரிபார்க்கும் கருவிகள் ஓடியதும் அதே நெட்வொர்க்கின் மேல். போட்டி நிறுவனத்தின் சிம் கார்டுகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கவே 14 மணி நேரம் ஆனது.

உங்கள் அலுவலகத்தில் தொலைபேசி விழுந்தால் கூப்பிட வேண்டியவர்களின் எண்கள் எங்கே இருக்கின்றன? அதே அமைப்பின் முகவரிப் புத்தகத்துக்குள் என்றால், இன்றே ஒரு தாளில் அச்சிட்டு, சர்வர் அறைக் கதவின் உட்புறத்தில் ஒன்றும் வரவேற்பு மேசையில் ஒன்றும் ஒட்டுங்கள். அலுவலகம் பயன்படுத்தாத வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட கைபேசி ஒன்றும் அங்கே சார்ஜில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஓர் அழைப்பு செய்து பாருங்கள்.